அப்பா எடுத்துக் கொடுத்த கரி

நான் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்த வருஷம், நெய்வேலி சுரங்கக் குடியிருப்பில் எங்கள் பிளாக்கில் யாருக்கும் என் ஆராய்ச்சி என்னவென்று விளங்கவில்லை. பக்கத்து குவார்ட்டர்ஸ் அக்கா, "கரிக்குள்ள என்னம்மா பூ?" என்று கேட்டுச் சிரித்தார். நானும் பொறுமையாகச் சொல்லிப் பார்த்தேன். நெய்வேலியில் வெட்டி எடுக்கிற பழுப்பு நிலக்கரி முழுக்க ஒரு காலத்தில் காடாக இருந்தது. பல கோடி வருஷங்களுக்கு முன்னால் சதுப்பில் விழுந்து, மக்காமல் கிடந்து, மண்ணுக்கடியில் அமுங்கிப்போன காடு. மரம் கரியாகிவிட்டது. ஆனால் அந்த மரங்கள் உதிர்த்த மகரந்தத் துகள்கள் இன்னும் அதற்குள் கெடாமல் இருக்கின்றன. அடியில் இருக்கிற கரி மூத்தது, மேலே இருப்பது இளையது. அடியிலிருந்து ஒவ்வொரு மட்டமாக மகரந்தத்தை எண்ணிக்கொண்டு மேலே வந்தால், மழை குறைந்த காலத்தில் எந்தத் தாவரக் குடும்பம் காணாமல் போனது, எது தாக்குப்பிடித்தது, எது புதிதாக வந்து உட்கார்ந்தது என்று சொல்லிவிடலாம். இன்றைக்குச் சூடேறிக்கொண்டிருக்கிற பூமியில் பனைக்கும் பெரணிக்கும் அலையாத்தி மரங்களுக்கும் என்ன ஆகும் என்று ஊகிக்க அது உதவும்.

அக்கா கேட்டுவிட்டு, "நல்லா படிம்மா" என்றார்.

அப்பாவுக்கு மட்டும் நான் பாதி சொல்லும்போதே புரிந்துவிட்டது. கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து இருபத்திரண்டு வயதில் இங்கே வேலைக்கு வந்தவர். சுரங்கத்தில் பக்கெட் வீல் மிஷின் ஓட்டினார். ஒரு தெரு அளவுக்கு நீளமான மிஷின் அது. அதன் சக்கரம் சுற்றிச் சுற்றி மண்ணையும் கரியையும் வழித்துப் பெல்ட்டில் போடும். "கரி ஒரே மாதிரி இருக்காது பிள்ள. ஒரு மட்டத்துல மரத்தோட நாரு கூடத் தெரியும். இன்னொரு மட்டத்துல மாவு மாதிரி உதிரும்" என்று எனக்கு விவரித்தவர் அவர்தான். என் கைடு என்ன தலைப்பு வேண்டும் என்று கேட்டபோது நான் யோசிக்காமல் நெய்வேலி என்று சொன்னதற்கு அதுதான் காரணம்.

மாதிரி எடுத்துக்கொள்ள அனுமதி கிடைத்தது. ஆனால் நானே உள்ளே இறங்க வேண்டுமென்றால் பாதுகாப்புப் பயிற்சி, கூட வருவதற்கு ஒரு அதிகாரி, அவருக்குத் தோதான தேதி என்று சில மாதம் ஆகும் என்றார்கள். நான் காத்திருக்கத் தயாராகத்தான் இருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அப்பா சொன்னார்: "நீ எதுக்கு அங்க வந்து கஷ்டப்படணும்? எப்படி எடுக்கணும்னு எழுதிக் குடு. என் மிஷின் அங்கதான நிக்கி. நான் பாத்துக்கிடுதேன்."

எனக்கு அவ்வளவு சந்தோஷம். இருபத்து நான்கு பிளாஸ்டிக் பைகளில் எண் போட்டுக் கொடுத்தேன். அடியிலிருந்து அரை மீட்டருக்கு ஒன்று. மேற்பரப்பைச் சுரண்டிவிட்டு ஒரு சாண் உள்ளே தோண்டி எடுக்க வேண்டும், வெறும் கை படக் கூடாது, எடுத்த உடனே ஈயத்தாளில் சுற்ற வேண்டும் என்று ஒரு நோட்டில் தமிழில் எழுதி, படம் வரைந்து கொடுத்துவிட்டுச் சென்னை விடுதிக்குக் கிளம்பினேன். அது மாசி மாதம்.

மூன்று வாரம் கழித்து வந்தபோது எல்லாப் பைகளும் கட்டிலுக்கடியில் ஒரு அட்டைப் பெட்டியில் வரிசையாக இருந்தன. நோட்டில் ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரே அப்பா தன் குண்டுக் கையெழுத்தில் குறிப்பு எழுதியிருந்தார். 'எண் 5: மர நார் தெரிகிறது.' 'எண் 17: கொஞ்சம் மணல் கலந்தது.' 'எண் 21: ஈரம், முந்தின நாள் தூறல்.' நான் கேட்காத குறிப்புகள். விடுதியில் என் தோழிகளிடம் அந்த நோட்டைக் காட்டிப் பெருமைப்பட்டிருக்கிறேன்.

அடுத்த இரண்டு வருஷம் அந்தக் கரியோடுதான் என் வாழ்க்கை. பொடித்து, அமிலத்தில் ஊறவைத்து, அலசி, வடிகட்டி, கடைசியில் சோதனைக் குழாயின் அடியில் ஒரு சொட்டு மிஞ்சும். அதைக் கண்ணாடிச் சில்லில் பரப்பி மைக்ரோஸ்கோப்பில் வைத்து எண்ண வேண்டும். ஒரு சில்லுக்கு ஒரு நாள், சில சமயம் இரண்டு நாள். கண் எரியும். பனைக் குடும்பத்துத் துகள் படகு மாதிரி இருக்கும். பெரணி வித்து அவரை விதை மாதிரி. பெயர் தெரியாதவற்றுக்கு ஒன்றாம் வகை, இரண்டாம் வகை என்று எண் கொடுத்து வைப்போம்.

அதில் நான்காம் வகை என்று ஒன்று இருந்தது. மூன்று மூலை உருண்டை, மேலே மெல்லிய வரிகள். அடி மட்டத்திலும் இருந்தது, நடுவிலும் இருந்தது, உச்சியிலும் இருந்தது, ஏறக்குறைய ஒரே அளவில். பனை மேலே வர வரக் குறைய, மற்ற குடும்பங்கள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தபோது இது மட்டும் அசையவில்லை. என் கைடு சில்லை வெகு நேரம் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். அறுபதை நெருங்குகிற மனிதர், சுலபத்தில் பாராட்டாதவர்.

"மாமரக் குடும்பத்துல பழைய உறவா இருக்கலாம். எந்தக் காலநிலை மாற்றத்துக்கும் அசராத ஒரு வகை. இதுதாம்மா உன் தீசிஸ்."

அந்தத் துகள் மற்றவற்றைவிட வெளிறியிருந்தது. கோடி வருஷம் கரிக்குள் கிடந்தது பழுத்த இலை நிறத்துக்கு வந்திருக்க வேண்டும். நான் அதைப் பார்க்காமலில்லை. 'மிக நன்றாகப் பாதுகாக்கப்பட்டுள்ளது' என்று எழுதிக்கொண்டேன்.

வேறு மாநிலத்தில் ஒரு கருத்தரங்கில் அதைப் பற்றிப் பேசினேன். முடித்ததும் மூன்று பேர் என்னைத் தேடி வந்து கேள்வி கேட்டார்கள். முதல் கட்டுரையை ஒரு ஆய்விதழ் ஏற்றுக்கொண்டது. கட்டுரையின் கடைசியில் நன்றி சொல்லும் இடத்தில், சுரங்கத்திலிருந்து மாதிரிகளைச் சேகரித்துத் தந்தவர் என்று அப்பாவின் பெயரைப் போட்டேன். அச்சுக்குப் போகும் பக்கத்தின் நகலை வீட்டுக்கு எடுத்துப்போய் அவருக்குக் காட்டினேன். ஆங்கிலத்தில் தன் பெயர் இருந்த வரியில் விரலை வைத்துப் பார்த்தார். "இதெல்லாம் எதுக்கு?" என்றார். கூச்சம் என்று நினைத்தேன்.

ஒப்பிட்டுப் பார்க்க இன்றைய தாவரங்களின் மகரந்தமும் வேண்டியிருந்தது. அந்தத் தை மாதம் ஊருக்கு வந்தபோது கண்ணில் பட்ட பூக்களையெல்லாம் பறித்துக் காகிதப் பொட்டலங்களில் கட்டிக்கொண்டேன். வடலூர் போகும் வழியில் பஸ்ஸை விட்டு இறங்கி ஒரு முந்திரித் தோப்பிலும் பறித்தேன்.

முந்திரிச் சில்லை மைக்ரோஸ்கோப்பில் வைத்த காலை எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. பார்த்ததும், சில்லுகளை மாற்றி வைத்துவிட்டோம் என்றுதான் முதலில் நினைத்தேன். எடுத்துச் சீட்டைப் படித்தேன். முந்திரிதான். மறுபடி பார்த்தேன். மூன்று மூலை உருண்டை, மெல்லிய வரிகள். நான்காம் வகை.

முந்திரி இந்த மண்ணுக்கு வந்ததே கப்பலில். சில நூறு வருஷம்தான் ஆகிறது. அது கரிக்குள் இருக்க வழியே இல்லை.

ஆய்வுக்கூடத்தில் கலந்திருக்கும் என்று பார்த்தேன். கரி போடாமல் வெறும் அமிலத்தையும் தண்ணீரையும் வைத்து அதே வேலையைச் செய்தேன். சுத்தமாக இருந்தது. மீதமிருந்த கட்டிகளில் ஒன்றை உடைத்து உள்ளேயிருந்து தனியாக எடுத்துப் பார்த்தேன். அதிலும் இல்லை. அதே கட்டியின் மேல்புறத்தைச் சுரண்டியபோது நிறைய இருந்தது. ஐந்து கட்டிகளில் அப்படிப் பார்த்தேன், ஐந்திலும் அதே கதை. அந்தக் கரி திறந்தவெளியில், முந்திரி பூக்கிற பருவத்தில், நாள்கணக்கில் கிடந்திருக்கிறது.

அப்போதும் நான் அப்பாவைச் சந்தேகப்படவில்லை. எடுத்த கட்டிகளை ஈயத்தாளில் சுற்றாமல் எங்காவது காயவைத்திருப்பார், ஈரம் போகட்டும் என்று நினைத்திருப்பார் என்றுதான் தோன்றியது. மேற்புறத்தைத் தள்ளிவிட்டு உள்ளே இருப்பதை வைத்து எல்லாவற்றையும் மறுபடி எண்ணலாம். ஆறு மாதம் போகும், அவ்வளவுதான். எதற்கும் ஒருமுறை நானே இடத்தைப் பார்த்துவிடலாம் என்று சுரங்க அலுவலகத்துக்கு எழுதினேன். இரண்டு வாரத்தில் வரச் சொன்னார்கள்.

அங்கே நிலவியல் பிரிவில் இருந்த அதிகாரி என்னைவிடச் சில வயது மூத்த பெண். என் மாதிரிப் பட்டியலைத் தன் வரைபடத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பென்சிலால் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே வந்தார். பதினொன்றில் நின்றார்.

"இது கரியா?"

"ஆமாங்க மேடம். நல்ல கரி."

"பன்னிரண்டு?"

"அதுவும்."

அவர் வரைபடத்தை என் பக்கம் திருப்பினார். "நீங்க சொல்ற இடத்துல இந்த உயரத்துல கரியே கிடையாது. ஒரு ஆள் உயரத்துக்குக் களிமண் பட்டை போகுது. பதினொண்ணு, பன்னிரண்டு, பதிமூணு மூணுமே களிமண்ணாத்தான் வரணும். யார் எடுத்தது?"

அப்பாவின் பெயரையும் அவர் ஓட்டுகிற மிஷினையும் சொன்னேன். அவர் போனில் யாரிடமோ பேசினார். கேட்டுக்கொண்டிருக்கும்போதே அவர் முகம் மாறுவது தெரிந்தது. போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"உங்க அப்பா இப்ப மிஷின்ல இல்லையே. மெடிக்கல் அன்ஃபிட் ஆகி ஸ்டோர்ஸ்ல லைட் டியூட்டி. நாலு வருஷம் ஆச்சாம். உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும் என்று சொல்லிவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேனோ. அவருக்கு முன்னால் தெரியாது என்று சொல்ல முடியவில்லை.

ஸ்டோர்ஸ் அங்கிருந்து நடக்கிற தூரம்தான். வாசலில் மந்தாரக்குப்பத்துக்காரர் ஒருவர், கான்ட்ராக்டில் வேலை செய்பவர், பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தார். அப்பா பெயரைச் சொன்னதும் முகம் மலர்ந்துவிட்டது.

"நீங்க அவரு பொண்ணா? அண்ணன் எந்நேரமும் உங்களப் பத்திதான் பேசிகினு இருப்பாருங்க. உள்ள வாங்க, ரெஜிஸ்டர் எழுதிகினு இருக்காரு."

அவர் பின்னால் போகும்போது கட்டடத்துக்குப் பக்கவாட்டில் ஒரு கரிக்குவியல் தெரிந்தது. எப்போதோ கொட்டி, அள்ளாமல் விட்டது. அதன் மேல் புல் முளைத்திருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் முந்திரி மரங்கள்.

அப்பா கவுன்டருக்குப் பின்னால் உட்கார்ந்து ஒருவருக்குக் கையுறை எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்தார். வீட்டிலிருந்து தினமும் அணிந்துகொண்டு போகிற சுரங்கத் தொப்பி அவருக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது. என்னைப் பார்த்ததும் எழுந்தார். பின் என்ன தோன்றியதோ, உட்கார்ந்துவிட்டார்.

"நீ எப்ப வந்த?"

"அந்தக் குவியல்லேர்ந்துதான் எடுத்தீங்களா?"

கையுறை வாங்க வந்தவர் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு வெளியே போனார். அப்பா ரெஜிஸ்டரை மூடினார்.

"வெளிய போயிப் பேசுவோம் பிள்ள."

"இங்கயே சொல்லுங்க. இருபத்து நாலும் அங்கேர்ந்துதானா?"

"ஆமா."

"ஒரே நாள்லயா?"

தலையை ஆட்டினார்.

"கரி கரிதானன்னு நெனச்சேன்," என்றார். "என்னமோ ஆசிட்ல போட்டுப் பாக்கப்போற, பட்டம் குடுத்துருவாங்கன்னு."

"ஒவ்வொரு மட்டமும் வேற வேறன்னு எனக்குச் சொன்னதே நீங்கதான்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். மிஷினில் ஏறும் படியில் ஒருநாள் கண் இருட்டிக்கொண்டு வந்ததையும், டாக்டர்கள் சேர்ந்து பார்த்து இனி ஏறக்கூடாது என்று எழுதிவிட்டதையும் தயங்கித் தயங்கிச் சொன்னார். "நீ அப்பாதான் எடுத்துத் தரணும்னு கேக்கும்போது முடியாதுன்னு எப்படிச் சொல்ல?"

"நான் கேக்கவே இல்லப்பா. நான் காத்திருக்கேன்னுதான் சொன்னேன். நீங்கதான் கேட்டு வாங்குனீங்க."

"அப்படியா?" என்றார். உண்மையிலேயே அவர் அதை மாற்றித்தான் ஞாபகம் வைத்திருந்தார் என்பது அவர் பார்த்த பார்வையில் தெரிந்தது. அதுதான் என்னை இன்னும் கோபப்படுத்தியது.

"சரி, பொய்ப் பை குடுத்தீங்க. அந்த நோட்டுல எதுக்கு மணல், தூறல்னு எல்லாம் எழுதினீங்க? நான் அதைக் கேக்கக்கூட இல்லையே."

"முன்னாடி பார்த்ததெல்லாம் ஞாபகத்துல இருந்துச்சு. எழுத ஆரம்பிச்சேன், கை நிக்கல," என்றார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னபோது அவள் கரியைப் பற்றித்தான் அதிர்ந்தாள். ஸ்டோர்ஸைப் பற்றி அல்ல.

"உனக்குத் தெரியுமா?"

"தினமும் சட்டையைத் துவைக்கறவ நான்தானே. நாலு வருஷமா அதுல கரியே இல்ல. எனக்குத் தெரியாதா? உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு. நீ படிக்கற பிள்ள, மனசு ஒடிஞ்சிரக் கூடாதுன்னு."

எங்கள் பிளாக்கில் பாதிப் பேருக்கு அது தெரிந்திருந்தது என்பது பிறகுதான் புரிந்தது. கரிக்குள் என்ன பூ என்று கேட்ட அக்காவுக்கும் தெரியும். அவருடைய கணவரும் அப்பாவும் ஒரே ஷிஃப்ட் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தவர்கள். எனக்காக எல்லோரும் வாயை மூடிக்கொண்டிருந்தார்கள்.

கைடிடம் சொல்லத் தைரியம் வர மூன்று நாள் ஆனது. கதவைச் சாத்திக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே அமைதியாகக் கேட்டார்:

"நான்காம் வகையை மட்டும் எடுத்துடலாம். மத்தது இருக்குல்ல?"

"சார், எல்லாமே ஒரே குவியல். மேல் கீழ் எதுவுமே கிடையாது."

"அப்படின்னா பனை மேல வர வரக் குறையுதுன்னு எப்படி வந்தது?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது, அதை வாய்விட்டுச் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. பனை எங்கேயும் குறையவில்லை. அங்கொன்று இங்கொன்றாகச் சிதறிக் கிடந்த எண்களில் நான் ஒரு சரிவைப் பார்க்க விரும்பினேன், பார்த்தேன். சந்தேகமான துகள்களைக் கீழ் மட்டத்தில் பனை என்றும் மேல் மட்டத்தில் தெரியவில்லை என்றும் எழுதியிருக்கிறேன். வேண்டுமென்று செய்யவில்லை. ஆனால் செய்திருக்கிறேன். அப்பா என்னை ஏமாற்றிய அளவுக்கு நானும் என்னை ஏமாற்றிக்கொண்டிருந்தேன் என்று அன்றைக்கு ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. எல்லாப் பழியையும் அப்பா மேல் போட்டுவிடுவது வசதியாக இருந்தது.

"யாரும் அந்தக் குழிக்குள்ள இறங்கிப் பார்க்கப் போறதில்ல," என்றார் கைடு. "அந்த மட்டத்தையே இந்நேரம் வெட்டி எடுத்திருப்பாங்க."

அது உண்மைதான். இரண்டு வாரம் அந்த வாக்கியத்தோடு திரிந்தேன். பிறகு கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன் என்று ஆய்விதழுக்கு எழுதி, அனுப்பும் முன் அவரிடம் காட்டினேன். படித்துவிட்டுக் கடிதத்தை என் பக்கம் தள்ளினார்.

"உங்க அப்பா பண்ணினதுக்கு நான் எதுக்கும்மா அசிங்கப்படணும்?"

அவர் கேட்டது நியாயம்தான் என்று இப்போது நினைக்கிறேன். அன்றைக்கு அவரும் என்னைக் கைவிட்டுவிட்டார் என்றுதான் பட்டது. கையெழுத்துப் போட்டார். அதன் பிறகு என்னோடு பேச வேண்டியதை மட்டும் பேசினார்.

கால நீட்டிப்பு வாங்கி முதலிலிருந்து தொடங்கினேன். பாதுகாப்புப் பயிற்சி முடித்து, என் அளவைவிடப் பெரிதான தொப்பியும் காலணியும் போட்டுக்கொண்டு, அந்த நிலவியல் அதிகாரியோடு இறங்கினேன். வேறு இடம், புதிதாக வெட்டிய சுவர். பக்கத்தில் போய் நின்றபோதுதான் நான் இத்தனை வருஷம் எதைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தேன் என்று தெரிந்தது. களிமண் பட்டை சாம்பல் நிறத்தில் நேர்கோடாக ஓடியது. அதற்குக் கீழே நார்நாராக இருந்த கரி, மேலே பொடியாக இருந்தது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. ஒவ்வொரு பைக்கும் அந்த அதிகாரி அளவு நாடாவைப் பிடிக்க, நான் தோண்டினேன், போட்டோ எடுத்தேன், இருவரும் கையெழுத்துப் போட்டோம்.

மறுபடி இரண்டு வருஷம். இந்த முறை சில்லுகளின் எண்ணை மறைத்துவைத்து, எந்த மட்டம் என்று எனக்கே தெரியாமல் எண்ணினேன். முடிவு கருத்தரங்கில் கைதட்டல் வாங்குகிற மாதிரி இல்லை. பனைக் குடும்பம் களிமண் பட்டைக்கு முன்னால் மெலிந்தது, பிறகு திரும்பி வந்தது. ஆனால் அதே வகைகள் இல்லை. அலையாத்தி ஒரு மட்டத்தில் திடீரென்று பெருகி, அடங்கியது. பெரணி எல்லாவற்றோடும் சேர்ந்து ஆடியது. அசையாத குடும்பம் என்று ஒன்று கூட இல்லை. ஆய்வேட்டில் அப்படியே எழுதினேன். பட்டம் கிடைத்தது, உடன் சேர்ந்தவர்களுக்கெல்லாம் கிடைத்து வெகுநாள் கழித்து.

வாய்மொழித் தேர்வுக்கு அம்மா மட்டும் வந்தாள். அப்பாவை நான் கூப்பிடவில்லை. வரட்டுமா என்று அவரும் கேட்கவில்லை. அந்த இரண்டு வருஷத்தில் ஊருக்குப் போகும்போதெல்லாம் சாப்பிட்டாயா, பஸ் கிடைத்ததா என்று பேசிக்கொண்டோம். அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. ஒருமுறை கேட்க வந்தார் என்று நினைக்கிறேன். நான் துணி மடித்துக்கொண்டிருந்த அறை வாசலில் வந்து நின்றார். நான் நிமிரவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, ஃபேன் வேகத்தைக் கூட்டிவிட்டுப் போனார்.

இப்போது அவர் ஓய்வுபெற்று, குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, அம்மாவோடு வடலூரில் வாடகை வீட்டில் இருக்கிறார். நான் வேறு ஊரில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். வாரத்துக்கு இரண்டு முறை போன் பண்ணுவார். போன மாதம், "டாக்டர்கிட்டப் போயிட்டு வந்தேன். பிரஷர் எல்லாம் நார்மல்னு சொல்லிட்டாரு," என்றார்.

"சீட்டு இருக்கா?" என்று கேட்டேன்.

அந்தப் பக்கம் காகிதம் புரளும் சத்தம் கேட்டது. பிறகு, "இரு, அனுப்புதேன்," என்றார்.

கொஞ்ச நேரத்தில் போட்டோ வந்தது. தேதியைப் பார்த்தேன், டாக்டர் கையெழுத்தைப் பார்த்தேன், பிரஷர் எண்ணைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அவர் சொன்னது சரியாகத்தான் இருந்தது.